தேறாதவளின் படம்

2024 பிப்ரவரி 11, ஞாயிறு

துணி துவைத்தேன். அப்பாவுக்கு இன்ஹேலர் வாங்கி வந்தேன். மத்தியானம் கருவாட்டுக் குழம்பு. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதுதான், இங்கிலாந்து நர்ஸ் வேலைக்காக எழுதிய இங்கிலீஷ் தேர்வின் ரிசல்ட் வந்தது.

காதால் கேட்டு எழுதுவதில் பாஸ். படிப்பதில் பாஸ். பேசுவதில் பாஸ். கடிதம் எழுதுவதில் போய்விட்டது. போன முறையும் இதேதான். ஒரு நோயாளியைப் பற்றி இன்னொரு டாக்டருக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம், முக்கால் மணி நேரத்தில். பதினோரு வருடமாக வார்டில் நிற்கிறவள் நான். எந்த நோயாளிக்கு என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் கடிகாரம் ஓடுகிறது என்ற நினைப்பு வந்தால் போதும், கை நின்றுவிடுகிறது.

அம்மாவிடம் சொன்னேன். "போனா போவுது, வந்து துன்னு" என்றாள். அப்பா டி.வி. சத்தத்தைக் குறைத்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு சத்தத்தைக் கூட்டினார்.

இனி இங்கிலாந்து இல்லை. நாளை வழக்கம்போல பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு விடியற்காலை ட்ரெயின்.

பிப்ரவரி 13

ட்ரெயினில் கிறிஸ்டோவைப் பார்த்தேன். எங்கள் ஊரிலேயே மைசூர் மைன்ஸ் பகுதிப் பையன், கோச்சிங்கில் என்னோடு ஒரே பேட்சில் படித்தவன், ஒயிட்ஃபீல்டில் வேறு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவன் பாஸ். சொல்லத் தயங்கினான். நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய்யில்லை.

அவன்தான் ஞாபகப்படுத்தினான். "அக்கா, கேரண்டி இருக்குதே! ரெண்டு வாட்டி எழுதியும் வரலேன்னா ஃபுல் ஃபீஸ் வாபஸ். செவுத்துலயே எழுதி வெச்சிருக்காங்களே. போய்க் கேளு."

ஆமாம். ராபர்ட்சன்பேட்டையில் நாங்கள் கோச்சிங் போன ப்ளூ லேம்ப் அகாடமி மாடிப்படி ஏறும்போதே அந்த வரி நீல எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்துத்தான் அம்மா சீட்டை எடுத்து ஃபீஸ் கட்டினாள். கூரை மாற்ற வைத்திருந்த சீட்டு.

பிப்ரவரி 20

போனேன். சேரப் போன அன்று அகாடமி நடத்தும் ரவிகுமார் சார் எழுந்து நின்று டீ வரவழைத்தார். இன்று உட்காரச் சொல்லவே இல்லை. நானாக உட்கார்ந்தேன்.

"நோடி மேடம், பாருங்க, கேரண்டி இல்லேன்னு நான் சொல்லல. ஆனா அட்டெண்டன்ஸ் தொண்ணூறு பர்சென்ட் வேணும். உங்களுது எண்பத்தி நாலு."

"நான் ஒரு கிளாஸ் கூட விடல சார்."

"மெஷின் அப்படித்தானே சொல்லுது?"

அந்த மெஷின்! டூட்டி முடிந்து திரும்பியபின் ராத்திரி ஏழு மணிக்கு வகுப்பு. ஏழு பத்துக்கு மேல் விரல் வைத்தால் எடுக்காது. பங்காருப்பேட்டையில் ட்ரெயினை நிறுத்திப்போட்ட நாட்களில் நானும் கிறிஸ்டோவும் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பிடித்து, படியில் ஓடி, மூச்சு வாங்க உள்ளே நுழைவோம். மெஷின் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி காட்டும். பாடம் எடுக்கும் மமதா மேடம், "பரவால்ல, உக்காருங்க, ஆபீஸ்ல நான் சொல்லிக்கிறேன்" என்பார். உட்கார்ந்தேன். பாடம் கேட்டேன். வீட்டுப்பாடம் எழுதிக் கொடுத்தேன். அதில் சிவப்பு மசியில் திருத்தமும் வாங்கினேன். ஆனால் நான் அங்கே இல்லையாம்.

வேறு என்ன சொல்ல என்று தெரியாமல் எழுந்து வந்துவிட்டேன். படி இறங்கும்போதுதான் பதில் எல்லாம் வரிசையாக வந்தது. எனக்கு எப்போதும் இப்படித்தான்.

மார்ச் 3

மமதா மேடத்தை மார்க்கெட்டில் பார்த்தேன். வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் ஆரம்பிப்பதற்குள் அவரே சொன்னார்:

"யசோ, நீ எல்லா கிளாஸுக்கும் வந்தே. எனக்குத் தெரியும். சார்கிட்டயும் சொன்னேன். ஆனா என் பேர வெளியில இழுக்காத. ரெண்டு பசங்க இருக்காங்கம்மா. வீட்டுக்காரரு வேலை போய் உக்காந்திருக்காரு."

சரி என்றேன். வெங்காயத்தை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டவரிடம் வேறென்ன சொல்ல முடியும்?

மார்ச் 10

அப்பாவிடம் கேஸ் போடலாமா என்று கேட்டேன். தப்பு. அவருக்கு இருமல் வரும்வரை பேசினார்.

"கேஸா? தங்க மைன்ஸ் மூடுனப்போ நாங்க போடாத கேஸா? உண்ணாவிரதம் இருந்தோம், பெங்களூர் போனோம், டில்லி போனோம். என்னோட கேஜ்ல சுரங்கத்துக்குள்ள எறங்குன பாதிப்பேரு சம்பள பாக்கி வர்றதுக்குள்ள செத்துட்டான். அவன் பொண்டாட்டி கைநாட்டு வெச்சி வாங்குனா. உனக்கு இன்னாத்துக்கு இது? போவுதுன்னு உட்று."

அம்மா உள்ளே பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள். சீட்டு அவளுடையது அல்லவா.

விட்டுவிடுகிறேன்.

ஏப்ரல் 16

மருந்துக்கடைக்காரர் கைகொடுத்தார். "கங்கிராட்ஸ் சிஸ்டர், எப்ப ஃபிளைட்டு?"

எதற்கென்று புரியவில்லை. வேறு யாரோ என்று நினைத்திருப்பார்.

ஏப்ரல் 18, வியாழன்

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

லீவு போட்டு அப்பாவைச் செக்கப்புக்கு அழைத்துப்போனேன். திரும்பும்போது பஸ் ஸ்டாண்ட் முனையில் ஆட்டோ நின்றது. மேலே பேனர். ப்ளூ லேம்ப் அகாடமி. 'இங்கிலாந்து செல்லும் எங்கள் நட்சத்திரங்கள்'. ஐந்து முகங்கள். இரண்டாவது கிறிஸ்டோ. நான்காவது நான்.

என் முகம்தான். சேர்ந்த அன்று விண்ணப்பத்துக்கு எடுத்த படம். கழுத்துக்குக் கீழே யாருடைய உடம்போ, வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்புமாக. பின்னால் லண்டன் கடிகாரக் கோபுரம். பெயரைக்கூடத் தப்பாகத்தான் போட்டிருந்தார்கள், நடுவில் ஓர் எழுத்தை விட்டு யசோதா என்று.

அப்பா ஆட்டோவிலிருந்து இறங்கிவிட்டார். வெயிலில் நின்று அண்ணாந்து பார்த்தார். மூச்சு இழுத்தது. "ஏறுங்கப்பா" என்றேன். ஏறவில்லை.

"இது நீதான?"

"நான்தான்பா."

"நீ பாஸ் ஆவலியே?"

"இல்லப்பா."

"அப்ப இது யாரு?"

கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கட்டிலில் உட்கார்ந்து, மூச்சு சீராகும்வரை காத்திருந்து, பிறகு சொன்னார். "காசு குடுக்கலேன்னா அது ஒண்ணு. இது வேற. உன் மூஞ்சிய வெச்சி யாவாரம் பண்றான். நீ கேஸ் போடு. நான் வரேன்."

ஏப்ரல் 21

அடுத்த வீட்டுப் பார்வதம்மா அக்கா கேசரி செய்து எடுத்து வந்தார்கள். பேனரைப் பார்த்தார்களாம். அவர்கள் பெண் பாக்யலட்சுமி நர்சிங் முடித்து ஒரு வருடம் ஆகிறது. "யசோ போன எடம்னா நம்பலாம்னு நேத்துதான் அவளையும் கொண்டுபோய்ச் சேர்த்துட்டேன்" என்றார்கள். வளையலை அடகு வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

உண்மையைச் சொன்னேன். நான் தேறவில்லை, கேட்காமல் என் படத்தைப் போட்டிருக்கிறார்கள், பணத்தைத் திரும்பக் கேளுங்கள் என்று.

அக்கா முகம் மாறியது. "ஏன்மா, நீ மட்டும்தான் போவணுமா? மத்தவங்க வூட்டுப் பொண்ணுங்க போவக்கூடாதா?" என்று எழுந்து போய்விட்டார்கள்.

நான் சொல்வதை நம்பவில்லை. மேலே பேனரில் சிரிப்பவளைத்தான் நம்புகிறார்கள்.

மே 5

பதிவுத் தபாலில் அகாடமிக்கு நோட்டீஸ் அனுப்பினேன். பணமும் வேண்டும், பேனரும் இறங்க வேண்டும். பதினைந்து நாள் கெடு.

மே 24

பதில் இல்லை. பேனரும் அப்படியே இருக்கிறது. இப்போது ஆண்டர்சன்பேட்டையிலும் ஒன்று வைத்திருக்கிறார்களாம்.

ஜூன் 9

கோலாரில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம் என்று எங்கள் ஆஸ்பத்திரி மேனேஜர் சொன்னார். மனுவை நானே எழுதுகிறேன். இங்கிலீஷில். கேலிதான். தேர்வில் எழுத வராமல் போனவள் கோர்ட்டுக்கு எழுதுகிறாள்.

ட்ரெயினில் எழுதுகிறேன், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். எழுதி, அடித்து, மறுபடி எழுதி. எது முதலில் நடந்தது, யார் என்ன சொன்னார்கள், எனக்கு என்ன வேண்டும். அவ்வளவுதான். ஒரு கேஸ் ஷீட் மாதிரி. நோயாளி மட்டும் நான்.

ஜூன் 27

மூன்று வாரம் கழித்து மனு முடிந்தது. அப்பாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். "'தயவு செய்து'ன்னு ரொம்ப வாட்டி வருது. ஒண்ணே ஒண்ணு போதும்" என்றார். மற்றதையெல்லாம் எடுத்துவிட்டேன்.

ஜூலை 8, திங்கள்

கோலார் போய் மனு தாக்கல் செய்தோம். அப்பா வராமல் இருக்கமாட்டேன் என்று அடம்பிடித்து, பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து வந்தார். சலவைச் சட்டை. ஆணையத்தின் மரபெஞ்சில் என் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கிளார்க் கன்னடத்தில், "பெரியசாமிங்கிறது நீங்களா ஐயா? உங்க கேஸா?" என்று கேட்டார்.

"என் மகளோட கேஸு. நான் கூட வந்துக்கிறேன்" என்றார், தமிழிலேயே.

ஆகஸ்ட் 30

எதிர்த்தரப்பு வரவில்லை. வாய்தா.

செப்டம்பர் 15

கிறிஸ்டோவுக்கு விசா வந்துவிட்டது. அடுத்த மாதம் கிளம்புகிறான். அவனிடம் கேட்க எனக்கு மனசே இல்லை. போகிற பையன். ஆனால் ட்ரெயின் தாமதமான நாட்களில் என்னோடு ஓடி வந்தவன் அவன் ஒருத்தன்தான். அவனுக்கும் அட்டெண்டன்ஸ் எண்பத்துச் சொச்சம்தான். பாஸ் ஆனதால் யாரும் அவன் கணக்கைப் பார்க்கவில்லை.

இன்று சர்ச் விட்டதும் அவனே வீட்டுக்கு வந்தான்.

"ரவிகுமார் சார் போன் பண்ணாரு. எதுலயும் கையெழுத்துப் போடாதடா, விசாவுக்குத் தொந்தரவு வரும்னாரு. அதுக்கும் இதுக்கும் இன்னாக்கா சம்பந்தம்?"

"ஒண்ணும் இல்ல. ஆனா பயமா இருந்தா வேணாம் கிறிஸ்டோ."

"பயமாத்தான் இருக்குது. எங்க போடணும், சொல்லு."

செப்டம்பர் 18

நோட்டரி முன்னால் கிறிஸ்டோ பிரமாணப் பத்திரம் கொடுத்தான். எந்த வாரங்களில் ட்ரெயின் தாமதம், மெஷின் எப்படி மறுத்தது, நாங்கள் எந்த பெஞ்சில் உட்கார்ந்தோம், எல்லாம். மமதா மேடம் பெயரை எங்கேயும் சேர்க்கவில்லை. 'பாடம் எடுத்தவர்' என்று மட்டும்.

அக்டோபர் 21

அப்பாவை என் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தாயிற்று. இரண்டு பக்கமும் நிமோனியா. பாறைத்தூள் தின்ற நுரையீரல். எக்ஸ்ரேயைப் பார்த்த புதுப்பையன் டாக்டர் மெல்ல விசில் அடித்தான். பிறகு என்னைப் பார்த்து ஸாரி சொன்னான்.

அக்டோபர் 26, சனி

ரவிகுமார் சார் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் ஆப்பிள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். அப்பா ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு தூங்கிக்கொண்டிருந்தார். சார் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"எங்கப்பாவும் மைன்ஸ்ல அண்டர்கிரவுண்டுதாம்மா. இதே மாதிரிதான் போனாரு."

நடிப்பு இல்லை. எனக்குத் தெரிந்தது.

பிறகு வராண்டாவில் ஒரு காகிதத்தை நீட்டினார். முழுக் கட்டணமும் அன்றே கொடுத்துவிடுவார். மேலும் கொஞ்சம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு. நான் கேஸை வாபஸ் வாங்க வேண்டும். படம் போட்டதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும். வெளியில் யாரிடமும் பேசக்கூடாது.

"பேனர எறக்கிட்டீங்களா சார்?"

"அட்மிஷன் சீசன் முடியட்டும்மா. இப்ப எறக்குனா எல்லாரும் ஏன்னு கேப்பாங்க."

எனக்குப் பணம் வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும். காலையில்தான் பில்லிங் கவுண்டரிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். பேனாவைக் கூட கையில் வாங்கிவிட்டேன். ஏன் போடவில்லை? பாக்யலட்சுமி தினமும் அந்தப் படியில் ஏறுகிறாள். என் முகத்துக்குக் கீழே நடந்து போகிறாள். இதில் கையெழுத்துப் போட்டால் அந்த முகம் நிஜமாகவே என்னுடையது ஆகிவிடும்.

பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். "பிடிவாதம் புடிக்கிற நேரமாம்மா இது?" என்றார். ஆப்பிளை வைத்துவிட்டுப் போனார்.

அம்மாவிடம் சொல்லவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை.

அக்டோபர் 31

தீபாவளி வெடிச்சத்தம். அப்பா மாஸ்க்கை நகர்த்தி, "கேஸு எப்ப?" என்றார்.

"ஜனவரிப்பா."

தலையாட்டினார்.

நவம்பர் 6

அப்பா போய்விட்டார். காலை பத்தரை மணி. என் டூட்டி நேரம்.

நவம்பர் 12

புத்த விகாரையிலிருந்து வந்து திரிசரணம் சொன்னார்கள். எங்கள் குடியிருப்பு, ஸ்கெலட்டனே திரண்டு வந்தது. அவரோடு கேஜில் இறங்கினவர்கள் கொஞ்சம்பேர்தான் மிச்சம். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு மண் போட்டார்கள். பார்வதம்மா அக்கா மூன்று நாளும் எங்கள் வீட்டில்தான் சமைத்தார்கள். பழைய பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

நவம்பர் 20

அன்னிக்குக் கையெழுத்துப் போட்டிருந்தா? இன்னும் பெரிய ஆஸ்பத்திரி. இன்னும் நல்ல டாக்டர். இன்னும் ரெண்டு மாசம்? ஒரு மாசமாவது?

இல்லை. நான் நர்ஸ். அந்த எக்ஸ்ரேயைப் பார்த்தவள். எந்த ஆஸ்பத்திரியும் எதுவும் செய்திருக்க முடியாது, தெரியும். தெரிஞ்சும் இன்னாத்துக்கு திரும்பத் திரும்ப இதையே — என் அப்பா மூச்சுக்குத் திணறும்போது நான் வராண்டாவுல நின்னு நியாயம் பேசிக்கினு இருந்தேனே. யாருக்கு வேணும் இந்த நியாயம்?

நவம்பர் 24

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ரவிகுமார் வந்தது, காகிதம், நான் மறுத்தது, எல்லாம்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. முறத்தைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "தெரியும். அவரு தூங்கல அன்னிக்கு, கதவு வழியா பாத்துக்கினு இருந்தாரு. நீ டூட்டிக்குப் போன அப்பால என்கிட்ட சொன்னாரு."

"இன்னா சொன்னாரு?"

"'நம்ம புள்ள பேனாவத் திருப்பிக் குடுத்துட்டா'ன்னாரு. அவ்ளோதான். அப்பால தண்ணி கேட்டாரு."

2025 ஜனவரி 20, திங்கள்

விசாரணை. தனியாகத்தான் போனேன். பஸ்ஸில் ஜன்னலோரம் காலியாக இருந்தும் இந்தப் பக்கம் உட்கார்ந்தேன்.

தலைவர் ஒருவர், உறுப்பினர் ஒரு அம்மாள். எதிர்த்தரப்பு வக்கீல் கன்னடமும் இங்கிலீஷும் கலந்து பேசினார். அட்டெண்டன்ஸ் விதி, விண்ணப்பத்தின் பின்பக்கம் என் கையெழுத்து. அப்புறம் என் மனுவை எடுத்து உயர்த்திக் காட்டிச் சொன்னார்:

இந்த மனுவை எழுதியது மனுதாரரேதான் என்கிறார். படித்துப் பாருங்கள், ஒரு பிழை இல்லை. கோர்வையான, தெளிவான இங்கிலீஷ். இப்படி எழுதத் தெரிந்தவர் எழுத்துத் தேர்வில் மட்டும் எப்படி இரண்டு முறை தோற்பார்? கேரண்டிப் பணத்தைத் திரும்பப் பெறுவதற்காகவே வேண்டுமென்று தோற்றிருக்கிறார்.

இத்தனை வருடத்தில் என் இங்கிலீஷ் நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல்முறை. அதுவும் என்னைத் திருடி என்று சொல்வதற்காக.

தலைவர் என்னைப் பார்த்தார். "என்னம்மா சொல்றீங்க?" என்று கன்னடத்தில் கேட்டார். எழுந்து நின்றேன். பதில் எப்போதும் எனக்குப் படி இறங்கும்போதுதான் வரும். இன்று நின்ற இடத்திலேயே வந்தது.

"சார், அந்த மனுவ எழுத எனக்கு மூணு வாரம் ஆச்சு. பரீட்சையில முக்கால் மணி நேரம்தான் தருவாங்க" என்றேன் கன்னடத்தில். "ஒரு வாட்டி பரீட்சைக்குக் கட்டுறது என் ரெண்டு மாசச் சம்பளம். கோச்சிங் ஃபீஸ் திரும்ப வாங்குறதுக்காக அத ரெண்டு வாட்டி யாராவது எரிப்பாங்களா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்த அம்மாள் உறுப்பினர் சிரிக்கவில்லை. குனிந்து எதையோ எழுதினார். பிறகு பேனரின் போட்டோவை வக்கீலிடம் நீட்டி, இவர் வேண்டுமென்றே தோற்றவர் என்றால் இங்கிலாந்து செல்லும் நட்சத்திரம் என்று ஏன் போட்டீர்கள் என்று கேட்டார். வக்கீல் அது டிசைன் செய்தவரின் தவறு என்றார்.

கடைசியாகத் தலைவர் கேட்டார், பாடம் எடுத்தவருக்குச் சம்மன் அனுப்பலாமா, உங்கள் பக்கம் இன்னும் பலமாகுமே என்று. மமதா மேடம் மார்க்கெட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டது நினைவுக்கு வந்தது.

"வேணாம் சார். இருக்கிறது போதும்" என்றேன்.

போதுமா? தெரியாது.

ஜனவரி 21

மமதா மேடத்திடமிருந்து ஒரு போன். எப்படித் தெரிந்ததோ. "தேங்க்ஸ்" என்றார். பிறகு அழுதார். நானும்.

மார்ச் 14

உத்தரவு வந்துவிட்டது.

கட்டணம் முழுவதும் வட்டியோடு திரும்ப. கேட்காமல் படம் போட்டதற்குத் தனியாக நஷ்டஈடு. எல்லாப் பேனர்களும் இறங்க வேண்டும். மெஷின் பத்து நிமிடத்தில் மூடிக்கொள்ளும் என்று முன்கூட்டிச் சொல்லாமல், வகுப்பில் உட்காரவைத்துப் பாடமும் நடத்திவிட்டு, வரவில்லை என்று சொல்வது நியாயமற்ற வணிகம் என்று எழுதியிருக்கிறார்கள். பிரமாணப் பத்திரத்தை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். கிறிஸ்டோவுக்கு மெசேஜ் போட்டேன். அவன் ஊரில் பனியாம். ஒரே ஒரு வார்த்தை அனுப்பினான்: "ஜெயிச்சிட்டோம்."

ட்ரெயினில் படித்தேன். இரண்டு முறை. பக்கத்து சீட்டுப் பெண், "ஏன்க்கா அழுவுறீங்க?" என்றாள். வீட்டுக்கு வந்து, வெளிக்கதவைத் திறந்து, "அப்பா" என்று கூப்பிட்டுவிட்டேன்.

ஏப்ரல் 6

பஸ் ஸ்டாண்ட் முனையில் வெறும் இரும்புச் சட்டம். அதில் ஒரு காக்கா.

மே 19

காசோலை வந்தது. கொண்டுவந்தவர் ரவிகுமார் சாரேதான். "அப்பா சாவுக்கு வர முடியல, தப்பா நெனச்சிக்காத" என்றார். அம்மா மோர் கொடுத்தாள். குடித்தார். இந்த மாதம் மட்டும் ஒன்பதுபேர் இதே உத்தரவைக் காட்டிப் பணம் கேட்டிருக்கிறார்களாம். பாக்யலட்சுமியும் ஒருத்தி.

அம்மாவிடம் காசோலையைக் கொடுத்து, கூரையை மாற்றலாம் என்றேன்.

"கூர இன்னும் ரெண்டு மழைக்கி தாங்கும். நீ மறுபடி எழுது" என்றாள்.

"எதுக்கும்மா? அப்பா வைத்தியத்துக்குன்னுதானே போவ நெனச்சேன்."

"உனக்குன்னு ஒரு வாட்டி எழுதிப் பாரேன்."

ஆகஸ்ட் 23, சனி

பெங்களூரில் தேர்வு. கோச்சிங் இல்லை, ட்ரெயினில் நானே படித்ததுதான். எழுத்துத் தாளில் ஒரு கிழவர், இடுப்பெலும்பு முறிவு, அவரை வீட்டுக்கு அனுப்பும்போது எழுதும் கடிதம். எது முதலில் நடந்தது, அவருக்கு என்ன ஆயிற்று, இனி என்ன வேண்டும். எழுதினேன். 'தயவு செய்து' ஒரே ஒருமுறைதான் வந்தது.

2026 பிப்ரவரி 15, ஞாயிறு

இங்கிலாந்தில் சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் விளக்குப் போட்டுவிடுகிறார்கள். ஈர வெளிச்சம். கை விரல் விறைத்துப்போகிறது, எழுத்து கோணலாக வருகிறது. வார்டில் என் பெயரைச் சரியாகச் சொல்ல இரண்டுபேர் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

டூட்டி முடிந்து பஸ் ஸ்டாப்பிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே ராத்திரிச் சாப்பாடு முடிந்திருந்தது. துணைக்குப் பாக்யலட்சுமி வந்து படுக்கிறாளாம். ரேஷன் கடை, தண்ணீர் வராதது, பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாணம். எல்லாம் சொல்லிவிட்டு, போனை வைக்கப்போகும் நேரத்தில் அம்மா சொன்னாள்:

"நேத்து மார்க்கெட்ல யாரோ ரெண்டு பொம்பளைங்க என்னக் காட்டிப் பேசிக்கினாங்க. எதோ பாரின் போன பொண்ணோட அம்மான்னு சொல்வாங்கன்னு பாத்தேன். இல்ல யசோ. 'கேஸு ஜெயிச்சுதே ஒரு பொண்ணு, பெரியசாமி பொண்ணு, அதோட அம்மா'ன்னாங்க."

"நீ இன்னாம்மா சொன்னே?"

"நான் இன்னாத்த சொல்றது? ஆமான்னேன்."

பஸ் வந்து கதவைத் திறந்தது. அம்மா அதை இன்னொரு வாட்டி சொல்லிக் கேட்க வேண்டும்போல இருந்தது. ஏறவில்லை. டிரைவர் ஒரு நொடி பார்த்துவிட்டுக் கதவை மூடிக்கொண்டு போனார். இருபது நிமிடத்தில் அடுத்தது வரும்.